நிலக்கரித் தாரின் கதை – 9: கடுக்காய் மலையின் அடிவாரத்தில்

ஜவ்வாது மலையில் நிலக்கரி கிடையாது. தார் காய்ச்சி வடிக்கும் ஆலையும் அந்தப் பக்கம் இல்லை. சாமையும் பலாவும் தேனும் புளியும் தரும் மலை அது. ஒரு காலத்தில் அதன் சந்தனக் கட்டைகள் வண்டி வண்டியாகத் திருப்பத்தூர்க் கிடங்குக்கு இறங்கின. லண்டனிலும் பிராங்பர்ட்டிலும் சுற்றிக்கொண்டிருந்த நம் தொடர் இந்த வாரம் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் கடுக்காய்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் காய்ச்சி ஊற்றுகிறார்களே, அந்தத் தார் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதன் புகையும் மார்புக்கு நல்லதில்லைதான். ஆனால் நம் கதாநாயகன் அது இல்லை. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எரிவாயுவும் கோக்கும் எடுக்கும்போது, ஆவி குளிர்ந்து ஒதுங்கும் கருஞ்சேறுதான் நாம் பேசிவரும் தார். 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைத்த பையன்கள் வளர்ந்த பிறகு அவர்களுடைய விதைப்பைத் தோலில் வந்த புற்றுக்குக் கரிப்புகையைக் குற்றம் சாட்டினார். 1856இல் பதினெட்டு வயது பெர்க்கின், மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய், தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அதன் பிறகு செயற்கை அலிசரின் வந்து நம் கடற்கரைச் சாயவேரின் பிழைப்பைக் கெடுத்தது. 1897இல் ஜெர்மனியின் செயற்கை அவுரி வந்து நம் அவுரி வயல்களை மூடியது. இவற்றையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அதே தாரின் பிள்ளைகள் பாலாற்றங்கரைக்கு வந்த வழி இனி.

மலை கொடுத்த துவர்ப்பு

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் ஜவ்வாது மலையில் கடுக்காய் உதிரும். மலையாளிப் பழங்குடி மக்கள் அதைப் பொறுக்கி உலர்த்தி இறக்குவார்கள். நமக்குக் கடுக்காய் என்றால் நாட்டு மருந்து. தோல்காரருக்கு அது துவர். உலர்ந்த காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துவர்ச்சத்து. விலங்கின் தோலில் உள்ள புரத இழைகளை இறுகப் பிணைத்து, அழுகாமல் காப்பது அந்தச் சத்துதான்.

மலையை விட்டு ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி. பாலாற்றோடு இன்னும் கொஞ்சம் போனால் ஆம்பூர். இரண்டும் இன்று 2019இல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இந்த ஊர்களின் பழைய தோல் ஷாப்புகளில் வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் மாற்றத்தின் அளவு அப்போதுதான் பிடிபடும்.

உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்துக் கழுவுவார்கள். சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் கிடக்கும். மயிர் கழன்றதும் வளைந்த கத்தியால் சதையைச் சீவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைக் குழி. பட்டையை இடித்துப் போட்ட தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறிய தோல் பழுப்பேறும். ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குறை உண்டு: வெயில் பட்டால் செந்நிறமாகிவிடும். அதைத் தடுப்பதற்குத்தான் கடைசிக் குளியல், கடுக்காய்த் தண்ணீரில். அதில் தோய்ந்து வந்த தோல் வெளிர் நிறமும் மினுமினுப்பும் பெற்றுவிடும். பிறகு எண்ணெய் தடவி, உலர்த்தி, கட்டி, சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள்.

‘கீழை இந்தியத் தோல்’ என்று லண்டன் ஏலச் சந்தையில் பெயரெடுத்த சரக்கு இதுதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்காக அரசே இதை மொத்தமாக வாங்கியது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வேட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடுக்காய் மட்டும் நகரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பலேறிய தோலுக்குச் சாயம் கிடையாது. பட்டை கொடுத்த பழுப்போடுதான் போகும். கறுப்பு, சிவப்பு, நீலம் எல்லாம் அங்கே ஏறும். சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் ஐரோப்பியத் தொழிலாளி.

உள்ளூர்த் தேவைக்குக் கறுப்புத் தோல் வேண்டுமென்றால் கடுக்காயே போதும். துவரேறிய தோலில் இரும்பு உப்பு பட்டால் கறுத்துவிடும். நம் தாத்தாக்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வித்தைதான். அந்தக் கறுப்பு தோலைக் கொஞ்சம் முரடாக்கும்; ஆனால் அதைத் தொட்டவனின் சிறுநீர்ப்பையைத் தேடிப் போகாது.

பழைய தோல் ஷாப்பு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பச்சைத் தோலில் ஆந்த்ராக்ஸ் கிருமி வரும். சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்னும். அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பதும் ஊரறிந்தது: பெரும்பாலும் சேரி மக்கள்; நாற்றத்தையும் நோயையும் சாதியின் பெயரால் ஒப்படைத்த ஏற்பாடு அது. ‘இயற்கைச் சாயக் காலம்’ என்று பெருமூச்சு விடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம்.

பிராங்பர்ட் அறிந்தது

இனி ஐரோப்பியத் தொழிலாளியின் பக்கம் போவோம். சாயத்தொட்டிக்கும் முன்னால், சாயத்தைச் செய்கிற ஆலையில்தான் முதல் எச்சரிக்கை வந்தது.

1895இல் பிராங்பர்ட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் ஒரு மருத்துவக் கூட்டத்தில் சின்ன அறிக்கை ஒன்றை வாசித்தார். ஃபுக்சின் என்னும் செந்நீலச் சாயம் செய்த 45 தொழிலாளர்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று. பொது மக்களிடையே அபூர்வமான நோய், ஒரே கூரையின் கீழ் மூன்று பேருக்கு. ‘அனிலின் புற்று’ என்று அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆலை முதலாளிகள் மறுத்தார்கள். மறுப்பைத் தாண்டிக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

1921இல் ஜெனீவாவில் இருந்த சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் இந்தப் புற்றைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அனிலினைவிடப் பெரிய குற்றவாளிகள் இருவர் அதில் அடையாளம் காட்டப்பட்டனர்: பென்சிடின், பீட்டா நாஃப்தைலமைன். இரண்டும் தாரிலிருந்து பிரித்த பென்சீன், நாஃப்தலீன் ஆகியவற்றின் பேரப்பிள்ளைகள். 1938இல் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹ்யூப்பர் நாய்களுக்குப் பீட்டா நாஃப்தைலமைனைக் கொடுத்து அதே புற்றை வரவழைத்துக் காட்டினார். 1954இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் சாய ஆலைகளின் பழைய சம்பளப் பதிவேடுகளையும் இறப்புச் சான்றுகளையும் பொருத்திப் பார்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவினார். 1967இல் அந்த நாடு இந்த வேதிப்பொருள்களைச் சட்டம் போட்டு அடைத்தது.

ரேன் முதல் இந்தச் சட்டம் வரை 72 ஆண்டுகள். ஐரோப்பாவும் ஒன்றும் வேகமாகத் திருந்திவிடவில்லை.

தோலில் பட்டதும் மூக்கில் ஏறியதும் எப்படிச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது? இந்த அமைன்கள் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அவற்றை உருமாற்றி, கழுவி வெளியேற்றத் தோதாக்கும். சிறுநீரகம் வடித்துத் தள்ளும். அடுத்த சில மணி நேரம் அந்தக் கழிவு தங்கும் இடம் சிறுநீர்ப்பை. அங்கே சிறுநீரின் புளிப்பில் கல்லீரல் போட்ட கட்டு அவிழ்ந்து, வீரியமுள்ள வடிவம் மறுபடி வெளிப்பட்டு, பையின் உள்சுவரில் இருக்கும் மரபணுவைப் போய் ஒட்டிக்கொள்கிறது. வேலை நாளில் தண்ணீர் குறைவாகக் குடித்து, கழிப்பறை இல்லாததால் அடக்கி வைப்பவருக்கு இந்தத் தங்கல் இன்னும் நீளும்.

ஒட்டியது புற்றாக மாறப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடிக்கலாம்; சிலருக்கு அதற்கும் மேல். இந்தக் காலதாமதத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மீதிக் கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

1973: சாயம் இறங்கிய ஆண்டு

சுதந்திரத்துக்குப் பிறகும் கால் நூற்றாண்டு பாலாற்றங்கரை அரைகுறையாகப் பதனிட்ட தோலைத்தான் பெருமளவு அனுப்பிக்கொண்டிருந்தது. இதில் தேசத்துக்கு நட்டம் என்று டெல்லி கருதியது. தவறான கருத்தும் இல்லை. பழுப்புத் தோலை மலிவாக விற்று, வண்ணத் தோலாகவும் செருப்பாகவும் மடங்கு விலைக்கு வாங்குவானேன்? சீதாராமையா குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1973 முதல் பச்சைத் தோல், அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் விழுந்தது. முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கம் கிடைத்தது. 1948இலேயே அடிக்கல் நாட்டப்பட்டிருந்த சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தது.

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் குழிகள் தூர்ந்து டிரம்கள் எழுந்தன. பட்டைக்குப் பதில் குரோம் உப்பு. வாரக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடிந்தது. குரோமில் பதனிட்ட தோல் நீலம் பாரித்து வரும். ‘வெட் புளூ’ என்று அதை அழைப்பார்கள். பட்டைத் தோலைப் போல அதை அப்படியே பயன்படுத்த முடியாது. நிறம் ஏற்றியே ஆக வேண்டும். ஆக, குரோம் வந்த வீட்டுக்குச் சாயமும் வந்தாக வேண்டும்.

குரோமின் கதையை ஊரே பேசியது. கிணறு கெட்டது, தென்னை பட்டது, ஆறு செத்தது. கூட வந்த சாயத்தை யாரும் அவ்வளவு பேசவில்லை. தோலுக்குப் போடும் சாயங்களில் மிகப் பெரும்பாலானவை அசோ வகை: இரண்டு நைட்ரஜன் அணுக்களைப் பாலமாக வைத்து அமைன்களைக் கோத்தவை. எல்லா அசோ சாயமும் விஷமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கறுப்புத் தோலுக்கு உலகமெங்கும் மலிவாகப் புழங்கிய ‘டைரக்ட் பிளாக் 38’ பென்சிடினை நடுவில் வைத்துக் கட்டியது. கடுக்காயும் அன்னபேதியும் கொடுத்த கறுப்பின் இடத்தில் வந்து உட்கார்ந்தது இந்த வகைக் கறுப்புதான்.

டிரம் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். சாயப்பொடியை டப்பாவிலிருந்து தராசுக்கு அள்ளுவார்கள். அள்ளும்போது பறக்கும். வாளியில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, சுழலும் டிரம்மின் வாயில் ஊற்றுவார்கள். சில மணி நேரம் கழித்து நனைந்த தோலைக் கையால் இழுத்து வெளியே போடுவார்கள்; முழங்கை வரை நிறம் ஏறும். காய்ந்த தோலை உரசி மெருகேற்றும் இடத்தில் தூசி எழும். மேல்பூச்சைத் துப்பாக்கியால் ஸ்பிரே செய்யும் அறையில் ஆவி நிற்கும். நடுவில் அதே கையோடு டீ, பீடி. வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு மூன்று நாள் இருக்கும். தொழில் பாதுகாப்பு நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதும் ‘உடலில் புகும் வழிகள்’ அத்தனையும் அந்த ஒரு ஷிப்டில் இருக்கின்றன.

“பென்சிடின்தானே விஷம், அதைச் சாயமாக மாற்றிய பிறகு என்ன?” என்று சாய வியாபாரிகள் நெடுங்காலம் வாதாடினார்கள். அதற்குப் பதில் இரண்டு இடங்களிலிருந்து வந்தது.

முதல் பதில் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து. 1971இல் ஒசாமு யோஷிதாவும் சகாக்களும் கிமோனோ பட்டுக்கு வண்ணம் தீட்டியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்று கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து நக்குவது அவர்களின் வழக்கம். அவர்கள் பென்சிடினைக் கண்ணால் பார்த்ததில்லை. பென்சிடின் சாயத்தை மட்டுமே கையாண்டவர்கள்.

இரண்டாவது பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. அகமதாபாத் சாய ஆலைகளின் தலைநகரம். தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இருப்பதும் அங்கேதான். அந்த நிறுவனமும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது. பென்சிடின் செய்யும் 15 தொழிலாளர்கள், பென்சிடினிலிருந்து சாயம் செய்யும் 18 பேர், இரண்டோடும் சம்பந்தமில்லாத 15 பேர் என்று மூன்று கூட்டம். சாயத்தை மட்டும் கையாண்டவர்களின் சிறுநீரிலும் பென்சிடினின் எச்சங்கள் இருந்தன. சிறுநீரில் உதிர்ந்த பையின் செல்களை எடுத்துப் பார்த்தால், மரபணுவில் அது ஒட்டியிருந்தது. குடலில் வாழும் பாக்டீரியாவும் கல்லீரலும் அசோ பாலத்தை உடைத்துச் சாயத்தை மறுபடி பென்சிடினாக்கிவிடுகின்றன. ஆலையில் பூட்டி வைத்ததாக நினைத்த பேயை உடம்பே திறந்துவிடுகிறது. பென்சிடினாக உடையும் சாயங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று தருவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1895 எச்சரிக்கை, 1921 சர்வதேச அறிக்கை, 1954 அசைக்க முடியாத நிரூபணம், 1967 பிரிட்டன் சட்டம். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் நம் கொள்கை சாய வேலையைப் பாலாற்றுக்கு வரவழைத்தது. சாயம் ஏற்றும் முறை வந்தது, டிரம் வந்தது, வங்கிக் கடன் வந்தது. எழுபது ஆண்டு மருத்துவ அறிவு மட்டும் கூட வரவில்லை. அறிவு இல்லாததால் நேர்ந்ததென்று இதைச் சொல்லிவிட முடியாது. நூலகத்தில் இருந்த அறிவைத் தொழிலாளிக்குச் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

யாருக்காகத் தடை?

தோல் ஏற்றுமதிக்கு முதல் அடி 1990ஐ ஒட்டி விழுந்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி தடை செய்தது. பீனால் குடும்பமும் தாரின் பழைய பிள்ளைதான். கார்பாலிக் அமிலம் என்ற பெயரில் இத்தொடரில் வந்து போனது நினைவிருக்கலாம். ஏற்றுமதியாளர்கள் அலறியடித்து மாற்று தேடினார்கள். 1994இல் அடுத்த அடி: புற்று தரும் அமைன்களாக உடையும் அசோ சாயங்கள் உடம்பில் படும் பொருள்களில் இருக்கக் கூடாது என்று ஜெர்மனி ஆணையிட்டது. ஒரு கிலோ தோலில் 30 மில்லிகிராம், அதுதான் எல்லை.

இந்தியா பென்சிடின் சார்ந்த 42 சாயங்களை 1993 முதலும், மேலும் 70 அசோ சாயங்களை 1997இலும் தடை செய்தது. மொத்தம் 112. சென்னையில் சோதனைக் கூடங்கள் முளைத்தன. ஒவ்வொரு சரக்குக்கும் சான்றிதழ் கேட்டார்கள்.

தடை நல்லது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அது யாரை நினைத்துப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. ஹாம்பர்க்கில் கையுறை மாட்டப் போகிற கைக்காக வந்த சட்டம் அது. முடித்த தோலை வெட்டி எடுத்துச் சோதிப்பார்கள். அந்தத் தோலை டிரம்மிலிருந்து இழுத்துப் போட்டவரின் சிறுநீரைச் சோதிக்கும்படி எந்த வெளிநாட்டு வாங்குநரின் சான்றிதழும் அப்போது கேட்கவில்லை. கையுறையில் 30 மில்லிகிராமுக்குப் பதறிய உலகம், பொடியைக் கரண்டியால் அள்ளியவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் கணக்கிலும் இதே ஓட்டை உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். ‘கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கோட்பாட்டை நம் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனதை அது பதிவு செய்தது. குரோம் முறையில் 170 வகை வேதிப்பொருள்கள் புழங்குவதையும், சாயம் பெருமளவில் பயன்படுவதையும் குறிப்பிட்டது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிட்டது. நிலம் இழந்தவருக்கு, கிணறு கெட்டவருக்கு. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி கடுமையாகப் பேசியது. வேலி தாண்டி வந்த நஞ்சுக்கு இவ்வளவு நீண்ட வழக்கு நடந்திருக்கிறது. வேலிக்கு உள்ளே எட்டு மணி நேரம் நின்றவருக்கு இப்படி ஒரு வழக்கு நடந்ததில்லை.

அவருக்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. போபால் பேரழிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் சாயத் தயாரிப்பும் இடம்பெற்றன. அத்தகைய ஆலையின் தொழிலாளியை வேலையில் சேர்க்கும் முன்பும், வேலையில் இருக்கும்போதும், வேலையை விட்ட பின்பும், பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றது 41-சி பிரிவு. ‘விட்ட பின்பும்’ என்று சேர்த்தவர் யாரோ, நோயின் காலதாமதத்தை அறிந்தவர். தொழில்சார் புற்றுநோய் அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் ஏறியது. அத்தகைய நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுத வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டபோதும் அந்த நோய் அட்டவணை தொடர்கிறது.

எழுத்தில் இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, இன்று ஒரு ஷாப்பு, அடுத்த மாதம் வேறு ஷாப்பு என்று டிரம் மாறுகிறவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? இருபது ஆண்டு கழித்து நோய் வரும்போது, அவர் வேலை பார்த்த ஆலை பெயர் மாறியிருக்கும் அல்லது மூடியிருக்கும். 1975இல் இருபது வயதில் சாய டிரம்முக்குப் போனவருக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். தடைக்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் சேர்ந்தவர் இப்போது ஐம்பதைக் கடந்து நிற்கிறார். நோய் தலைகாட்டும் வயது இதுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, மருத்துவமனைகளில். சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகையிலைதான் முதன்மைக் காரணம். “பீடி உண்டா?” என்று கேட்பார்கள். “உண்டு” என்பார். கேள்வி அத்தோடு நின்றுவிடும். புகையிலைப் புகையிலேயே பீட்டா நாஃப்தைலமைன் இருக்கிறது. பீடி குடித்துக்கொண்டு சாயப்பொடி அள்ளியவருக்கு ஒரே குடும்பத்து நஞ்சு இரண்டு வாசல் வழியாகப் போயிருக்கிறது. பீடியை மட்டும் எழுதிவிட்டு டிரம்மை விட்டுவிடுவது பாதிக் கணக்கு. ஈட்டுத்தொகை கேட்கும் உரிமையும் அந்த விடுபட்ட பாதியில்தான் இருக்கிறது.

கடுக்காய்க்கு என்ன ஆயிற்று? இன்றும் ஜவ்வாது மலையில் பொறுக்குகிறார்கள். குரோமுக்கு மாற்றாகத் தாவரப் பதனிடுதலைத் தேடும் வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவில் கூடியிருப்பதால் அதற்குக் கொஞ்சம் மவுசு திரும்பியிருக்கிறது. எல்லாவற்றையும் பட்டைக்கும் காய்க்கும் திருப்பிவிட முடியாது. உலகம் கேட்கும் அளவுக்குக் காடு தாங்காது. சாயத்தை ஒழிக்கவும் வேண்டியதில்லை. பொடியாக வருவதைக் கரைசலாக வாங்கினால் பறக்காது. எடை போடும் இடத்தில் உறிஞ்சு விசிறி, முழங்கை வரை கையுறை, வேலை முடிந்ததும் குளிக்க ஆலையிலேயே தண்ணீர், சாப்பிடத் தனி இடம்: இவை எதுவும் ராக்கெட் விஞ்ஞானமில்லை, பெரிய ஏற்றுமதி ஆலைகள் பல இவற்றைச் செய்தும் இருக்கின்றன. சின்ன ஷாப்பில்தான் கேள்வி.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ சாய டிரம்மிலோ ஸ்பிரேயிலோ வேலை பார்த்தவர் என்றால், எந்த ஷாப்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். அவருக்குச் சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் வந்தாலும், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்; இந்தப் புற்றின் முதல் ரத்தம் பெரும்பாலும் வலிக்காது, ஓரிரு நாளில் தானாக நிற்கவும் நிற்கும். உடனே சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆரம்பத்தில் கண்டால் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடுவார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளைக் காட்டி, வேலையையும் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

(அடுத்த இதழில்: செருப்புப் பசையில் ஒளிந்த பென்சீன்)